கட்டிலுக்கு அடியில் நாற்பது வருடம்

திருநெல்வேலி சிந்துபூந்துறையில் ஒரு பழைய வீடு. முன்பக்கத் தார்சாவைத் தாண்டி, பட்டாசல் என்கிற கூடத்துக்குள் போனால் இடது கைப்பக்கம் பெரிய தேக்குக் கட்டில். அதற்கு அடியில் கையை விட்டு ஓவியர் அண்ணாச்சி ஒரு பத்தமடைப் பாய்ச் சுருளை இழுத்தார். பாய்க்குள்ளே மூன்று கேன்வாஸ்கள். வண்ணம் தீட்டிய பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். "எண்பத்தி மூணுல போட்டது தம்பி. ரெண்டு பேர் கேட்டாக, குடுக்கல" என்றார்.

பழுதான ஓவியங்களைச் சரிசெய்து பாதுகாப்பது என் தொழில். பாளையங்கோட்டையில் அண்ணாச்சியின் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு நடந்தது. விற்பனைக்கு இல்லை. இத்தனை வருடங்களில் அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட படங்கள் மட்டும். அவற்றைச் சுவரில் மாட்டும் நிலைக்குக் கொண்டுவரத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கயிற்றை அவிழ்த்ததும் விரித்துப் பார்க்கக் கை பரபரத்தது. விரிக்கவில்லை. எண்ணெய் வண்ணம் வருடம் ஆக ஆக இறுகி, நெகிழ்வு இல்லாமல் போகும். வண்ணம் உள்பக்கமாக இருக்கும்படி சுருட்டினால் அந்தப் படலம் நெருக்குண்டு மடிப்பு விழும். அதைச் சட்டென்று விரித்தால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும். தினம் ஒரு சாண் என்று, ஓரங்களில் மெத்தென்ற எடை வைத்து, எட்டு நாளில் விரித்தோம். இரண்டு படங்கள் பிழைத்தன. மூன்றாவதில் கோடு கோடாக வண்ணம் உதிர்ந்திருந்தது. சுருட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அகலமான குழாய் ஒன்றின் மேல், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, தளர்வாகச் சுற்ற வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்த மூன்றாவது படமும் முழுசாகக் கிடைத்திருக்கும்.

விற்ற படத்துக்குக் காசு கொடுத்த ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் வீட்டில் அது கண்ணாடிக்குள்ளே மாட்டியிருக்கும், தூசி தட்டவும் ஆள் இருக்கும். ஓவியர் விற்காமல் வைத்த படத்தை ஏனென்று கேட்க யாருமில்லை. ஆனால் ஒரு கலைஞர் எங்கே தடுமாறினார், எந்த வருடம் கை திரும்பியது என்பதெல்லாம் இவற்றில்தான் தெரியும். 1850-ல் தொடங்கிய எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர் அண்ணாச்சி. அங்கே அவர் போட்ட மாணவப் பருவப் பென்சில் கோடுகள் முதல் மதினிக்குக் கல்யாணமான புதிதில் வரைந்து கொடுத்த முகம் வரை அவர் வீட்டுப் பீரோவுக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும்தான் கிடந்தன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இங்கே யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் வரை வந்தது. அண்ணாச்சி வீட்டுக்குள் முட்டளவு தண்ணீர். பாய்ச் சுருளைப் பக்கத்து வீட்டுப் பையன்கள் பரணில் ஏற்றிவிட்டார்கள். பீரோவின் அடித்தட்டில் இருந்த பதினோரு காகித ஓவியங்களை யாரும் நினைக்கவில்லை. வெயில் வந்ததும் பதறிப்போய் அவற்றைத் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், காயப் போட்டிருக்கிறார்கள். காகிதம் முறுக்கிக்கொண்டது, நீர்வண்ணம் வெளுத்தது. கண்ணாடியோடு இருந்த இரண்டு படங்கள் அதிலேயே ஒட்டிக்கொண்டன. தண்ணீர் வடிந்த பிறகு அந்தப் பாய்ச் சுருள் மறுபடியும் கட்டிலுக்கு அடியிலேயே போய்விட்டது. இதைக் கேட்டபோது எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

நனைந்த ஓவியத்தை வெயிலில் போடக் கூடாது, ஹேர் டிரையரும் காட்டக் கூடாது. நிழலில், வண்ணம் மேலே பார்க்க, மை ஒற்றும் தாள் மேல் தட்டையாக வைத்து, விசிறிக் காற்று நேராகப் படத்தின் மேல் படாமல் அறைக்குள் சுற்றும்படி விடுங்கள். அடித்தாள் ஈரமானால் மாற்றுங்கள். இரண்டு நாளுக்குள் ஈரம் போகவில்லை என்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். பூஞ்சை பிடித்துவிட்டால் ஈரத்துணியால் துடைப்பது அதை இன்னும் பரப்பும். நன்றாகக் காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும்.

வெள்ளம் எப்போதாவது வருவது. எங்கள் பக்கத்தில் வருடா வருடம் படங்களைத் தின்பது காற்றும் ஈரமும்தான். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து புழுதியை அள்ளிவரும் காற்று, ஐப்பசி, கார்த்திகையில் ஊறிப்போகும் வெளிச்சுவர். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு அது போதும். அதனால் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் ஓவியம் வேண்டாம், உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்பக்கம் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். 

பிரேம் போடுவதில் நடக்கும் சேதத்தைச் சொல்லாமல் விட முடியாது. அண்ணாச்சியின் மசி ஓவியம் ஒன்றை ஒரு கடையில் பிளைவுட் மேல் பசை தடவி ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். நல்லெண்ணம்தான், சுருங்காமல் இருக்கட்டுமென்று செய்தது. மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் கசியும் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கிவிட்டது. இனி பிரித்தெடுப்பது பெரிய பாடு. லேமினேஷன் அதைவிட மோசம், போட்டது போட்டதுதான். செல்லோடேப்பும் அப்படித்தான், டேப் உதிர்ந்துபோனாலும் பழுப்புக் கறை நிற்கும். கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: அமிலமில்லாத மவுண்ட் அட்டை வேண்டும், படத்தைக் கண்ணாடி தொடக் கூடாது, எங்கேயும் நிரந்தரப் பசை கூடாது. கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், சரி, ஒரு தடவைதானே.

எனக்கு அதிக வேலை வைத்தது, தேரி எனப்படும் செம்மணல் மேடுகளை வரைந்த பட வரிசை. சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண்ணைச் சலித்து, தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் குழைத்து, கேன்வாஸ் மேல் அப்பி, அதன் மேல் பனைகளைக் கறுப்புக் கோடுகளாக இழுத்திருந்தார். பார்த்தால் வெக்கை அடிக்கும். ஆனால் தொட்டால் மண் உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புது மண் அப்பலாமா என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். நான் மறுத்தேன். மிச்சமிருப்பதை நிற்க வைப்பது மட்டும்தான் என் வேலை, ஓவியர் வைக்காத மண்ணை நான் வைக்கக் கூடாது. அண்ணாச்சியும் அதையேதான் சொன்னார். இளம் ஓவியர்களே, மண்ணும் சாம்பலும் சாணமும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். என்ன பசை, என்ன விகிதம் என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எல்லாப் படங்களுக்கும் அட்டவணை போட ஆறு நாள் ஆனது. ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் ஒரு புகைப்படம், பின்பக்கம் ஒரு புகைப்படம், அளவு, வருடம், ஊடகம், கையெழுத்து எங்கே, ஏற்கெனவே உள்ள சேதம் என்ன. இதைப் படம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்னால் எழுத வேண்டும். எண் போடுவதைக் கேன்வாஸின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் செய்யாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் புடைக்கும். மரச்சட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள்.

கண்காட்சி அரங்கில் காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும், எண்ணெய் ஓவியம் 200 வரை தாங்கும். "இருட்டா இருக்கே" என்று வந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். வெளிச்சத்தில் போன நிறம் திரும்பி வராது.

வீட்டாருக்கு இன்னொரு விஷயம். படம் வாங்கியவருக்குப் படம்தான் சொந்தம். அதை அச்சிட்டு விற்கும் உரிமை, எழுதிக் கொடுக்காத வரை, ஓவியருடையதே. அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு உண்டு. சிதைக்கப்பட்டால் கேட்கும் உரிமையும் இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் பெரிய சுவர்ச் சிற்பம் 1979-ல் பெயர்க்கப்பட்டதை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள் ஏறி நாயக்கர் கால ஓவியங்களைப் பார்த்தவர்களும், குற்றாலம் சித்திர சபையின் சுவர்களைப் பார்த்தவர்களும் இங்கே நிறையப் பேர். அவற்றின் மேல் நமக்கு இருக்கிற மரியாதை, நம் தெருவில் வரைந்துகொண்டிருப்பவரின் பீரோவுக்கும் போகட்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

கண்காட்சி முடிந்து படங்கள் வீடு திரும்பிய அன்று பெரிய விவாதம். கீழே வைத்தால் வெள்ளம், மேல் மாடியில் வைத்தால் தட்டட்டிச் சூடு. அண்ணாச்சிக்கு எல்லாம் கண்ணெதிரே, கீழேயே இருக்க வேண்டும். மதினிதான் பேசினார்கள்: "ஆத்துக்குள்ள இருக்க குறுக்குத்துறை முருகனையே வெள்ளம் வாரதுக்கு முன்னால மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருதாக. இவுக படம் மட்டும் கீழ கெடக்கணுமாக்கும்?"

மாடியில் மேல்வெயில் படாத கிழக்கு அறையைத் தேர்ந்தெடுத்தோம். மேலே பொய்க்கூரை அடித்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மரச்சட்டங்கள் வைத்த அடுக்கு ஒன்றைத் தச்சர் செய்து கொடுத்தார். படங்கள் நிமிர்ந்து நிற்கின்றன, ஒன்றுக்கொன்று நடுவில் அட்டை. மதினியின் முகம் வரைந்த படம் மட்டும் பட்டாசலின் உட்சுவரில் இருக்கிறது, ஆள் உயரத்துக்கு மேலே. பின்னால் இரண்டு கார்க் துண்டுகளை நானே ஒட்டினேன்.