ஸ்வால்பார்டில் நிலநடுக்கத்தின் வாலை அளப்பது

ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அடியில் உள்ள பாறை, தன் வழியே போகும் அதிர்வை எவ்வளவு தின்கிறது? நிலநடுக்கப் பதிவின் உச்ச வீச்சை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. நடுக்கத்தின் பெருமை, அது எந்தத் திசையில் உதைத்தது, கருவிக்கு அடியில் இருப்பது உறைமண்ணா கரும்பாறையா, எல்லாம் அந்த உச்சத்தில் கலந்துகிடக்கும். அதனால் வாலைப் பிடிக்கிறார்கள். பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் எஸ் அலை போன பிறகு, பாறைகளில் பட்டுச் சிதறிய அலைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து நீளும் பகுதிதான் அந்த வால், பெயர் கோடா. கெய்யீதி அகியும் பெர்னார்ட் ஷூவேயும் 1975-இல் தந்த வழி இது. மூலமும் தளமும் வாலின் உயரத்தைத்தான் மாற்றும், அது இறங்கும் வேகத்தை அல்ல.

ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியனுக்கு அருகே யான்சன்ஹௌகன் குன்றில், சுமார் 1 கி.மீ. விட்டத்துக்குள் 9 அதிர்வுமானிகளை நார்வேயின் நிலநடுக்க ஆய்வு நிறுவனமான நோர்சார் நிறுவியிருக்கிறது. அங்கிருந்து 70 கி.மீ. தள்ளி ஒரு நடுக்கம் என்று வைத்துக்கொள்வோம். எஸ் அலையின் வேகம் நொடிக்கு 3.5 கி.மீ.; வந்து சேர 20 நொடி. அதன் இரு மடங்கிலிருந்து, அதாவது 40-ஆம் நொடியிலிருந்து 70 வரை அளக்கலாம். நொடிகளை நடுக்கம் தோன்றிய கணத்திலிருந்து எண்ண வேண்டும். எஸ் அலைக்கு முன்பே வந்துவிடும் பி அலை வந்ததிலிருந்து எண்ணுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

முதலில் கருவி தானாகச் சேர்க்கும் சாயலைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். பிறகு 1.5, 3, 6, 12 ஹெர்ட்ஸ் என்று பட்டைகளாக வடிகட்டி, ஒவ்வொன்றிலும் வீச்சின் உறையை, அதாவது அலை முகடுகளைத் தொட்டுச் செல்லும் வளைவரையை, எடுக்க வேண்டும். அலை பரவுவதால் மட்டுமே வரும் குறைவைக் கழிக்க, வீச்சை நேரத்தால் பெருக்க வேண்டும். அதன் இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கிட்டத்தட்ட நேர்கோடாக இறங்கும். 6 ஹெர்ட்ஸில் சரிவு நொடிக்கு 0.03 என்றால், பாறையின் தரக்காரணி எனப்படும் கியூ = 3.14 × 6 ÷ 0.03 = 628. ஒவ்வோர் அலைவிலும் ஆற்றலில் 1 சதவீதம் போகிறது என்று பொருள். கியூ சிறுத்தால் இழப்பு அதிகம்.

கணக்கு எளிது, தொல்லையெல்லாம் இரைச்சலில். மேற்சொன்ன 30 நொடிக்குள் வீச்சு கால் பங்குக்கும் கீழே போய்விடும். கடைசி நொடியிலும் சமிக்ஞை இரைச்சலைப் போல 3 மடங்கு இருக்க வேண்டுமென்றால், தொடக்கத்தில் 13 மடங்கு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வாலின் நுனி இரைச்சலில் தட்டையாகப் படுத்துவிடும். சரிவு 0.02 ஆகும், கியூ 942 என்று வரும். அப்பாவிப் பாறைக்குக் கிடைக்கும் பொய்யான நற்சான்று அது!

இங்கே பனியாறுகளும் சும்மா இருப்பதில்லை. முனை உடைந்து கடலில் விழும்போது எழும் அதிர்வு, நமக்கு வேண்டிய அதே சில ஹெர்ட்ஸ் பட்டையில்தான் வரும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அதிகம். வாலின் நடுவே ஒரு சிறு மேடு தெரிந்தால், 9 கருவிகளுக்கும் அது வந்த நேர வித்தியாசத்தைப் பாருங்கள். திசை வேறாக இருந்தால் அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டுவிடலாம். 2008 பிப்ரவரி 21 ஸ்டோர்ஃபியோர்ட் நடுக்கத்துக்குப் பின் வந்த அதிர்வுகள் அள்ளித் தந்த தரவிலும் இதே கவனம் வேண்டும். ஒன்றின் வால் மேல் அடுத்ததன் தலை ஏறி நிற்கும்.

கிடைத்த எண் எந்த ஆழத்துக்கு உரியது? நாம் அளந்த இடைவெளியின் நடுவான 55-ஆம் நொடியில் வரும் சிதறல், ஏறக்குறைய 96 கி.மீ. நெடிய அரையச்சு கொண்ட நீள்வட்டத் திரளைத் தொட்டு வந்தது. பூமியின் மேலோடான புவியோட்டின் தடிமனோ அங்கே 30 கி.மீ. அளவுதான். புவியோட்டின் கியூ மட்டும் வேண்டுமென்றால், அருகில் நேர்ந்த நடுக்கங்களாகப் பொறுக்கி, குறுகிய நேரத்துக்குள் அளந்து முடிக்க வேண்டும்.