ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய மாடு

நெடுஞ்சாலையோரக் காவல் நிலையத்திலிருந்து கால்நடை மருத்துவரான என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்து லாரியின் தார்ப்பாயை அவிழ்க்கும்போது இரவு 11.30 மணி. டார்ச் அடித்து எண்ணினேன். 23 மாடுகள். ஒன்றின் முதுகில் இன்னொன்றின் தலை. நடுவில் ஒரு கலப்பின ஜெர்சிப் பசு விழுந்து கிடந்தது. மற்றவை அதன் மேலேயே கால் வைத்து நின்றன, வேறு இடம் இல்லாததால்.

அந்தப் பசுவை இறக்க இரண்டு மணி நேரம் ஆனது. மடியிலிருந்து பால் கசிந்துகொண்டிருந்தது. பின்புறம் நஞ்சுக்கொடியின் துண்டு தொங்கியது. அது கன்று போட்டு ஒன்றிரண்டு நாள்தான் ஆகியிருக்க வேண்டும். வாலைத் தடவிப் பார்த்தேன், இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது. இரண்டு கண்களும் வீங்கிச் சிவந்து, இமை ஓரத்தில் மிளகாய்த்தூள் ஒட்டியிருந்தது. விழுந்த மாட்டை எழுப்ப இப்படித்தான் செய்கிறார்கள்: வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய்த்தூள் தேய்ப்பது. வலி தாங்காமல் மாடு எழும், கொஞ்ச நேரத்தில் மறுபடி விழும்.

லாரியில் ஒரு சான்றிதழ் இருந்தது. மாடுகள் எல்லாம் பயணத்துக்குத் தகுதியானவை என்று ஒரு கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட்டிருந்தார். இந்தப் பசுவை அவர் பார்த்திருக்கவே முடியாது.

1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் மிகத் தெளிவானவை. ஒரு சரக்கு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. தரையில் வழுக்காதபடி தேங்காய்நார்ப் பாயோ பலகையோ போட வேண்டும். மாடுகள் முடிந்தவரை இன்ஜின் பக்கம் முகம் வைத்து நிற்க வேண்டும். கூடவே ஒரு ஆள் போக வேண்டும், வண்டியில் முதலுதவிப் பொருள்கள் இருக்க வேண்டும். நோயுற்றவை, நொண்டுபவை, கண் தெரியாதவை, கன்று ஈன்று 72 மணி நேரம் ஆகாதவை, வழியில் ஈனக்கூடியவை ஆகியவற்றை ஏற்றவே கூடாது. மருத்துவரின் தகுதிச் சான்று இல்லாவிட்டால் வண்டிக்காரர் மாடுகளை ஏற்க மறுக்க வேண்டும்.

மீறினால் என்ன ஆகும்? 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவு. முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து வாதாடியதன் பயனாகத்தான் இந்தச் சட்டமே பிறந்தது. அதற்காக அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அன்றைய 50 ரூபாயை இன்றும் அப்படியே வைத்திருப்பது மன்னிக்க முடியாத அலட்சியம். தண்டனையை உயர்த்த 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. நான் இதை எழுதும்வரை அது சட்டமாகவில்லை.

அதனால் காவல் துறையினரிடம் நான் எப்போதும் ஒன்றை வற்புறுத்துவேன். வால் முறிந்தது, கண் போனது, கால் ஒடிந்தது என்றால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவையும் சேருங்கள். விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அந்த வழக்கு நிற்க வேண்டுமானால் எங்கள் காய அறிக்கை சரியாக இருக்க வேண்டும். 'பல இடங்களில் காயம்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் பயனில்லை. எந்த மாடு, எந்த எலும்பு, எத்தனை சென்டிமீட்டர், புதுக்காயமா பழையதா என்று எழுத வேண்டும். படமும் இணைக்க வேண்டும்.

சாலையில் இப்படி ஒரு வண்டியைப் பார்ப்பவர்களுக்கு: வண்டியை மறிக்காதீர்கள், டிரைவர் மேல் கை வைக்காதீர்கள். அவர் கூலிக்கு ஓட்டுபவர். ஒரு நடைக்கு இத்தனை தலை ஏற்றினால்தான் வாடகை கட்டும் என்று கணக்குப் போட்டவர் வேறெங்கோ இருப்பார். அந்த மாடு யாருடையது, எந்த ஊருக்குப் போகிறது, அடிமாட்டுக்கா வளர்ப்புக்கா என்பதல்ல இங்கே கேள்வி. எப்படிப் போகிறது என்பதுதான். பதிவெண், இடம், நேரம், போகும் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு காவல் துறையை அழையுங்கள். காயமோ மயக்கமோ தெரிந்தால் தமிழ்நாட்டில் 1962க்கு அழைத்துக் கால்நடை ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

இறக்கிய மாடு படுத்துவிட்டால் அடித்து எழுப்பாதீர்கள். ஒருக்களித்துக் கிடக்க விடவும் கூடாது, வயிறு உப்பி மூச்சு முட்டும். நாலு பேர் சேர்ந்து நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, பக்கத்தில் வைக்கோல் மூட்டையை அண்டை கொடுங்கள். தண்ணீரை வாளியில் முன்னால் வையுங்கள், தானாகக் குடிக்கட்டும். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். நல்ல எண்ணத்தோடு ஊற்றியதாலேயே செத்த மாடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஜெர்சிப் பசு விடியற்காலையில் இறந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நினைவுக்கு வந்தது. "சார், மாடெல்லாம் ஏத்தியாச்சு, கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க" என்று ஒரு தரகர் வந்து நின்றார். வாசலில் நின்ற வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொடுத்தேன். அந்த வண்டிக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது ஏற்றிய வண்டிக்கு நான் சான்று தருவதில்லை. ஒவ்வொரு மாட்டையும் இறக்கி, பத்தடி நடக்க வைத்து, மடியையும் வாலையும் தொட்டுப் பார்த்த பிறகே பேனாவை எடுக்கிறேன். ஆரம்பத்தில் தரகர்கள் சண்டை போட்டார்கள், சிலர் வேறு மருத்துவரைத் தேடிப் போனார்கள். ஆனால் போன மாதம் ஒருவர் காலை ஆறு மணிக்குப் போன் செய்தார். "சார், இன்னும் ஏத்தல. நீங்க வந்து பாத்துட்டுச் சொல்லுங்க, எதை விடணும்னு." போய்ப் பார்த்தேன். ஏழில் இரண்டு சினை. அவை அங்கேயே நின்றுவிட்டன.