கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகள்

மல்லாவியிலிருந்து ஓர் உயர்தர வகுப்பு மாணவி கேட்டிருக்கிறார். வன்னிக் குளங்களின் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதிய கோப்பை நண்பி அனுப்பினாராம். அதைக் கொப்பி பண்ணி பழைய விண்டோஸ் 7 கணினியின் நோட்பேடில் ஒட்டினால், “இரணைமடுவவுனிக்குளம்முத்தையன்கட்டுஅக்கராயன்” என்று எல்லாம் ஒரே வரியாகிவிட்டது. வைரஸ் வந்துவிட்டது, கணினியை ஃபோர்மட் பண்ண வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தயவுசெய்து பண்ணாதீர்கள். புரியாத கோளாறையெல்லாம் வைரஸின் தலையில் கட்டுவது பேய் பிடித்தது என்று சொல்வதைப் போன்றதுதான். அதை நம்பி எத்தனை பிள்ளைகளின் வேலை அழிந்துபோகிறது!

கணினிக்கு வரி முடிவதும் ஓர் எழுத்துத்தான். ‘அ’வுக்கு ஓர் எண் இருப்பது போல அதற்கும் எண் உண்டு. சிக்கல் என்னவென்றால், விண்டோஸ் 13, 10 என்ற இரண்டு எண்களை அடுத்தடுத்து வைக்கிறது. லினக்ஸும் இன்றைய மாக் கணினிகளும் 10ஐ மட்டும் வைக்கின்றன. பழைய நோட்பேட் இரண்டும் சேர்ந்து வந்தால்தான் வரியை உடைக்கும். நண்பியின் கோப்பில் 10 மட்டும் இருந்திருக்க வேண்டும்.

ஏன் இரண்டு? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் மனு அடித்துக் கொடுப்பவரின் தட்டச்சுப்பொறியை நினைத்துப் பாருங்கள். வரி முடிந்ததும் கைப்பிடியைத் தள்ளுவார். தாள் ஒரு வரி மேலேறும், தாளைத் தாங்கிய வண்டி வரியின் தொடக்கத்துக்கு வரும். ஒரே தள்ளலில் இரண்டு அசைவுகள். 1963இல் வந்த டெலிடைப் 33 என்ற தொலை அச்சுப்பொறியில் இவற்றுக்குத் தனித்தனிக் கட்டளைகள்: 13 என்றால் அச்சுத்தலை இடப்பக்கம் திரும்பும், 10 என்றால் தாள் உருளும். அது நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். ஆனால் வலக்கோடியிலிருந்து தலை திரும்பி வர, ஓர் எழுத்துக்கான பத்தில் ஒரு நொடி போதாது. உடனே அடுத்த எழுத்தை அனுப்பினால் திரும்பும் வழியிலேயே நடுத்தாளில் அடித்துவிடும். அதனால் 13ஐ முதலில் அனுப்பினார்கள். தலை ஓடிவரும் நேரத்தில் 10 தாளை உருட்டிவிடும். காத்திருக்கும் நேரமும் வீணாகவில்லை! அந்தப் பொறிகள் போய்விட்டன. வழக்கம் மட்டும், விண்டோஸுக்கு முன்பிருந்த டொஸ் இயங்குதளத்தின் வழியாக விண்டோஸுக்கு வந்து சேர்ந்தது. லினக்ஸுக்கும் மாக்குக்கும் முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளத்தைச் செய்தவர்கள், கோப்பில் ஒன்று போதும், அச்சடிக்கும்போது மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள்.

சரி, தீர்வு. 2018க்குப் பிந்திய விண்டோஸ் 10 நோட்பேடுக்கு இரண்டு வகையும் புரியும். பழைய கணினியில் நோட்பேட்++ என்ற எழுத்துச் செயலி இருந்தால், அதில் கோப்பைத் திறந்து, எடிட் மெனுவில் ‘ஈஓஎல் கன்வெர்ஷன்’ (வரிமுடிவு மாற்றம்) போய் விண்டோஸ் வகையைத் தெரிவு செய்யுங்கள். அப்புறம் சேமித்தால் போதும்.

பிடிஎஃப்பிலிருந்து ஒட்டும்போது நேர்மாறான தொல்லை வரும், ஒவ்வொரு வரியும் அநியாயமாக உடைந்திருக்கும். முதலில் பத்திகளுக்கு இடையில் வரும் இரட்டை வரிமுறிவை ‘@@’ போன்ற குறியாக மாற்றுங்கள். பிறகு மிஞ்சிய ஒற்றை முறிவுகளை இடைவெளியாக்கிவிட்டு, குறியை மறுபடி முறிவாக்குங்கள். ஆனால் தமிழ் அச்சில் வரிக்கடைசியில் இணைகோடு போடாமலே சொல்லை உடைப்பார்கள். ஆகவே ‘குளத் தில்’ என்று சில சொற்கள் பிளந்து நிற்கும். அவற்றை மட்டும் கண்ணால் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.