கிருமி செத்தாலும் அதன் டி.என்.ஏ. மண்ணில் கிடக்கும்

மறுபடியும் ஒரு கறவை மாட்டுக்கு மடிநோய், கள்ளிக்குடிப் பக்கம். பின்காம்பு ஒன்று கல்லாக இறுகி, பீய்ச்சினால் திரிதிரியாக மஞ்சள் நீர். முதல் நாள் பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த ஊசி, அப்புறம் கடையில் கேட்டு வாங்கிய வேறொன்று. பால் பரிசோதனையில், நாங்கள் வழக்கமாகப் போடும் மருந்துகளில் பாதிக்குமேல் வேலை செய்யாது என்று வந்தது.

அந்தப் பாலை எங்கே ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "எருக்குழியிலதான் டாக்டர். வெயில்ல காஞ்சு கிருமியெல்லாம் செத்துப்போயிருக்கும்ல?" உசிலம்பட்டியிலிருந்து மேலூர் வரை இதையேதான் சொல்கிறார்கள்.

கிருமி செத்துவிடும், உண்மைதான். ஆனால் மருந்தை எதிர்க்கும் திறமை அதன் டி.என்.ஏ.வில் இருக்கிறது. கிருமி உடைந்து சிதறினாலும் டி.என்.ஏ. உடனே அழிவதில்லை. இது புதிய செய்தியும் இல்லை. 1928இல் லண்டனில் ஃபிரெடெரிக் கிரிஃபித் என்ற விஞ்ஞானி, சூடாக்கிக் கொன்ற நிமோனியாக் கிருமியோடு நோய் தராத உயிருள்ள ரகத்தைச் சேர்த்து எலிக்குப் போட்டார். எலி செத்தது, அதன் ரத்தத்தில் நோய்க்கிருமி உயிரோடு இருந்தது. செத்ததிடமிருந்து உயிருள்ளதற்குப் போனது டி.என்.ஏ.தான் என்று 1944இல் ஆஸ்வால்டு ஏவரியின் குழு காட்டியது.

மண்ணிலும் இது நடக்கிறது. பசிலஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியா, இரை குறையும்போது வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுக்கும். அசினெட்டோபேக்டர் பேய்லி என்ற இன்னொரு பாக்டீரியா, அது யாருடைய டி.என்.ஏ. என்றே பார்க்காது. நம் திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களித்தாது நிறைய உண்டு. அதில் ஒட்டிய டி.என்.ஏ., அதைச் சிதைக்கும் நொதிகளுக்கு எளிதில் சிக்காமல் கூடுதல் காலம் தாங்கும்.

உள்ளே போனதெல்லாம் நிலைக்காது. பெரும்பகுதி அந்தப் பாக்டீரியாவுக்கே இரையாகிவிடும். மருந்தை எதிர்க்கும் திறமை பரவ, உயிருள்ள கிருமிகள் ஒன்றுக்கொன்று நேரடியாகக் கொடுப்பது போன்ற வேறு வழிகளும் உண்டு. ஆனால் ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியா. அபூர்வமாக ஒன்று எதிர்ப்பு மரபணுவைப் பிடித்துக்கொண்டால், ஆண்டிபயாடிக் கலந்த எருக்குழியில் மற்றவை செத்துவிடும், அது மட்டும் பெருகும். நாமே மருந்து ஊற்றி அதை வளர்க்கிறோம்.

கோழி எரு வாங்கும் தோட்டக்காரர்களும் கேளுங்கள். மனிதருக்குக் கடைசியில் கைகொடுக்கும் கோலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு 2019இல் தடை செய்தது. காரணமில்லாமலா செய்தார்கள்? பச்சை எருவைக் கீரைப் பாத்தியில் கொட்டாதீர்கள். குவித்து, உள்ளே நன்றாகச் சூடேறும்படி புரட்டிப் புரட்டி மக்கவிடுங்கள். எல்லாம் போய்விடாது, வெகுவாகக் குறையும்.

மருந்து போட்ட மாட்டின் பாலைக் கன்றுக்குக் காட்டாதீர்கள். வாய்க்காலில் விடாதீர்கள், எருக்குழியிலும் வேண்டாம். கிணற்றிலிருந்து தள்ளித் தனிக்குழி வெட்டி ஊற்றி மூடுங்கள். வீக்கம் வடிந்ததும் ஊசியைப் பாதியில் நிறுத்தவே கூடாது. பக்கத்து வீட்டு மிச்ச மருந்து வேண்டவே வேண்டாம்.

தினமும் முதல் பீய்ச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரி தெரிந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள் அண்ணே, தயவுசெய்து ஊசி போடும் முன்பு. ஊசிக்குப் பிறகு எடுத்த பாலில் கிருமி பரிசோதனையில் சரியாக வளராது. எந்த மருந்து கேட்கும் என்று எங்களாலும் சொல்ல முடியாது.