எழுதும் இசை நோட்டு ஏன் ஒலிப்பதில்லை?

இசை எழுதும் மென்பொருளைத் திறந்து, ஸ்டாஃப் என்ற ஐந்து கோடுகளின் மேல் ஒரு நோட்டை, அதாவது ஒரு சுரத்தின் குறியை, வைக்கிறீர்கள். அது கறுப்பாக வந்து உட்காருகிறது. ஒலி மட்டும் வரவில்லை. அடுத்ததும் அப்படியே. பலர் உடனே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: பிளே பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

பிளே அழுத்தியதும் ஒலி வந்தால் ஸ்பீக்கர், அதைக் கணினியோடு இணைக்கும் டிரைவர் நிரல், வாத்தியங்களின் ஒலிக்கோப்பு மூன்றும் நலம். சந்தேகப் பட்டியலில் பாதிக்கு மேல் அங்கேயே அடிபட்டுவிடும். அது எப்படி என்று புரிய, ஒரு நோட்டு ஒலியாகும் வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

திரையில் இருக்கும் நோட்டுக்குள் ஒலி கிடையாது. எந்த வாத்தியம், எந்த சுருதி, எவ்வளவு நேரம் என்ற தகவல்தான் இருக்கிறது. அதை ஒலியாக்குவது சின்தசைசர் என்ற தனிப் பகுதி. இரண்டுக்கும் நடுவே போகும் செய்தி பெரும்பாலும் மிடி வடிவில் இருக்கும், அல்லது அதைத் தழுவியதாக இருக்கும். மிடி என்பது மின்னணு வாத்தியங்களும் கணினிகளும் தமக்குள் பேசிக்கொள்ள 1983-இல் வந்த விதிமுறை. ஒரு நோட்டை ஒலிக்கச் சொல்ல அதற்கு மூன்றே பைட்டுகள் போதும். முதலாவது, இந்தச் சேனலில் (செய்தி போகும் தடத்தில்) ஒரு நோட்டைத் தொடங்கு என்கிறது. இரண்டாவது, எந்த நோட்டு என்கிறது. பியானோவின் நடுவில் உள்ள ‘நடு சி’ என்ற சுரத்துக்கு எண் 60, 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஏ என்ற சுரத்துக்கு 69. மூன்றாவது, எவ்வளவு அழுத்தி வாசிக்க வேண்டும் என்று 0 முதல் 127-க்குள் ஒரு எண்ணால் சொல்கிறது.

இந்த மூன்றாவது எண்ணில் ஒரு நுட்பம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. அழுத்தம் 0 என்று வந்தால் மிடி அதை மிக மெல்லிய நோட்டாக எடுத்துக்கொள்ளாது. நோட்டை நிறுத்து என்ற கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு நோட்டுக்கான செய்தியில் அழுத்தம் 0 என்று போய்விட்டால் அது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாது.

சின்தசைசர் இந்த எண்களை வாங்கிக்கொள்கிறது. சவுண்ட்ஃபான்ட் போன்ற, வாத்திய ஒலிப்பதிவுகள் அடங்கிய கோப்பிலிருந்து பொருத்தமான பதிவை எடுத்து, நொடிக்கு 44,100 அல்லது 48,000 எண்களாக, வாத்தியங்களின் ஒலி அளவைச் சரிசெய்து கலக்கும் மிக்சர் வழியே ஆடியோ டிரைவருக்குத் தள்ளுகிறது. அப்புறம் ஸ்பீக்கர்.

சரி, பிளே வேலை செய்கிறது, எழுதும்போது மட்டும் மௌனம் என்றால்? எழுதும்போது கேட்பது ஒரு முன்னோட்டம். நோட்டு விழுந்த கணத்தில் எடிட்டர் அந்த ஒரு நோட்டுக்காக மட்டும் அனுப்பும் தனிச் செய்தி அது. அதை அணைத்துவைக்கப் பெரும்பாலான மென்பொருள்களில் ஒரு தேர்வு உண்டு. மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் அது விருப்பத்தேர்வுகளுக்குள், நோட்டுகளைச் சேர்க்கும்போதும் திருத்தும்போதும் ஒலி கேட்க வேண்டுமா என்ற டிக் பெட்டியாக இருக்கிறது. தெரியாமல் அணைந்திருப்பது அடிக்கடி நடப்பதுதான். முதலில் அங்கே பாருங்கள்.

டிக் சரியாக இருந்தும் ஒலி வராத ஒரு நிலை உண்டு. அதில் நான் ஒரு மாலை முழுவதையும் இழந்திருக்கிறேன். பிளே செய்தால் எல்லாம் தெளிவாகக் கேட்டது. நோட்டு வைத்தால் ஒன்றும் இல்லை. வேகமாக நான்கைந்து வைத்தால் கடைசி இரண்டு மட்டும் கேட்டது. காரணம் ப்ளூடூத் ஹெட்ஃபோன். சில நொடிகள் ஒலி வராவிட்டால் இத்தகைய கருவிகள் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கிவிடுகின்றன, விழிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. முன்னோட்டமோ மிகக் குறுகியது; ஹெட்ஃபோன் கண் விழிப்பதற்குள் அது முடிந்துவிடுகிறது. முழுப் பாட்டை வாசிக்கும்போது தொடக்கம் சற்று விழுங்கப்பட்டாலும் நாம் கவனிப்பதில்லை. கம்பி ஹெட்ஃபோனை மாட்டினேன், எல்லா நோட்டும் கேட்டது. எச்டிஎம்ஐ வழியே மானிட்டரில் ஒலி கேட்பவர்களுக்கும் இதே சிக்கல் வரலாம்.

பிளே அழுத்தியும் ஒலி இல்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு. மிக்சரைத் திறந்து மியூட் (ஒரு வாத்தியத்தை அணைப்பது), சோலோ (அதை மட்டும் ஒலிக்க விடுவது) இரண்டையும் பாருங்கள். சோலோதான் அதிகம் ஏமாற்றும்: எங்கோ ஒரு வாத்தியத்தில் அது அழுத்தப்பட்டிருந்தால் மற்ற எல்லாம் வாயடைத்துப் போகும், நீங்கள் எழுதும் வரியில் ஒரு அடையாளமும் இருக்காது. அதுவும் சரி என்றால், மென்பொருளின் ஆடியோ அமைப்பில் எந்த வெளியீட்டுக் கருவி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். மானிட்டரை இணைத்ததும் கணினி ஒலியை அந்தப் பக்கம் திருப்பிவிடுவது உண்டு. இன்னொரு நிரல் ஆடியோ கருவியைத் தனக்கு மட்டும் என்று பிடித்துவைத்திருந்தாலும் நமக்கு ஒலி வராது. அதை மூடிவிட்டு இந்த மென்பொருளை மறுபடி திறந்தால் போதும்.

சில நோட்டுகள் மட்டும் ஊமையாக இருக்கின்றனவா? அப்படியானால் வாத்தியத்தின் எல்லையை நினைத்துப் பாருங்கள். சாதாரண மேற்கத்தியப் புல்லாங்குழலின் மிகத் தாழ்ந்த சுரம் நடு சி-யை ஒட்டியே இருக்கிறது. அதற்கு மிகக் கீழே எழுதினால் சில ஒலித் தொகுப்புகளில் எடுப்பதற்குப் பதிவே இருக்காது. க்ளெஃப், அதாவது எந்தக் கோடு எந்தச் சுரம் என்று சொல்லும் தொடக்கக் குறி, மாறிக் கிடப்பதாலும் இப்படி நேரும். ஒரே சுருதியை நீட்டிக் காட்டும் டை வளைவால் முந்தைய நோட்டோடு இணைந்த நோட்டு பிளே செய்யும்போது மறுபடி தட்டப்படாது. அது பழுது அல்ல, இசையின் விதி.

மிடி கீபோர்டால் எழுதுபவர்கள் முதலில் திரையைப் பாருங்கள். கட்டையை அழுத்தியதும் நோட்டு விழுந்தால் கீபோர்டும் கேபிளும் சரி. மேலே சொன்ன வழியில் தேடலாம். விழவில்லை என்றால் மென்பொருள் நோட்டு எழுதும் நிலையில் இருக்கிறதா, மிடி உள்ளீட்டில் அந்தக் கீபோர்டு தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். டிஜிட்டல் பியானோ என்றால் இன்னொன்றும் உண்டு. அதில் லோக்கல் கண்ட்ரோல் என்ற அமைப்பு அணைந்திருந்தால் கட்டைகள் செய்தியை மட்டும் அனுப்பும், பியானோவின் சொந்த ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது.