கோலமாவு டப்பா பக்கத்தில் ஒரு நோட்டு

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். 2012-ல் தமிழ்நாடு முழுக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்களே, அதில் நானும் ஒருவன். வேலைக்குச் சேர்ந்தபோது வாரத்துக்கு மூன்று அரை நாள்தான் பள்ளி. பிரித்துப் பார்த்தால் ஒரு வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் வரும். பென்சில் தேடி, சீவி, நோட்டைத் திறப்பதற்குள் அதில் பத்து நிமிடம் போய்விடும். இந்த வாரம் சொல்லிக்கொடுத்ததை அடுத்த வாரம் பிள்ளைகளின் கை மறந்திருக்கும். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

அப்புறம்தான் வீட்டுக்கு ஒரு சின்ன வேலை கொடுக்கத் தொடங்கினேன். தினமும் ஐந்து நிமிடம், ஒரே ஒரு மாவிலை. ரப்பர் கூடாது. மேலே தேதி போட வேண்டும். அவ்வளவுதான். எங்கள் பக்கம் மாவிலைக்குப் பஞ்சமே கிடையாது. சந்தூர் சுற்றுவட்டாரத்தில் மாங்கன்று பண்ணைகள் வரிசையாக இருக்கின்றன, பிள்ளைகள் பள்ளிக்கு வருவதே தோப்பு வழியாகத்தான்.

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் நோட்டைச் சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் வரைந்தது எல்லோரும் வரையும் இலைதான். கண் மாதிரி ஒரு வடிவம், நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் மீன் முள் மாதிரி சரிசமமாக நரம்புகள். ஒரு வாரம் அதே இலைதான் வந்தது. பன்னிரண்டாம் நாள் பக்கத்தில் ஒரு மாற்றம். இடப்பக்க நரம்பும் வலப்பக்க நரம்பும் ஒரே இடத்தில் கிளம்பவில்லை, ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. இருபதாம் நாள் வாக்கில் நரம்புகள் ஓரத்தைத் தொடாமல் அதற்கு முன்பே மேல்நோக்கி வளைந்தன. இன்னும் சில நாளில், காம்பு கிளையோடு சேரும் இடத்தில் இருக்கும் சின்ன வீக்கத்தையும் போட்டிருந்தாள். இதில் ஒன்றைக்கூட நான் சொல்லித் தரவில்லை. தினமும் பார்த்தாள், அதனால் தெரிந்தது. வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைந்திருந்தால் அந்த வீக்கம் கண்ணில் பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்திருந்தார். "இவளுக்கு எப்படித்தான் இது வருதுன்னு தெரியலைங்க சார். எனக்கு ஒரு கோடு நேரா வராதுங்க" என்றார். தினமும் கோலம் போடுவீர்களாம்மா என்று கேட்டேன். "அது போடாம எப்படிங்க?" என்றார். பதினைந்து புள்ளி வைத்து, இடுக்குப்புள்ளி எட்டு வரை கொண்டுபோய், சிக்குக் கோலத்தைக் கை எடுக்காமல் முடிக்கிறவர் அவர். வரையத் தெரியாது என்று எவ்வளவு உறுதியாக நம்பியிருக்கிறார் பாருங்கள்!

வீட்டுக்கு வந்தும் அவர் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. நம் வீட்டுப் பெண்கள் கோலம் போடும் விதத்திலேயே எல்லாம் இருக்கிறது. இன்று மனசு வரவில்லை என்று யாரும் வாசலை அப்படியே விடுவதில்லை. வேலை அதிகமா, நாலு புள்ளி வைத்து ஒரு கம்பி இழுத்துவிட்டு உள்ளே போவார்கள். மார்கழி வந்தால் அதே கை தெருவை அடைத்துப் போடும். நாளுக்குத் தகுந்தபடி அளவு மாறும், ஆனால் ஒருநாளும் விட்டுப்போகாது. வாசல் தெளித்தால் அடுத்தது கோலம், அதற்கென்று தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. வீட்டில் துக்கம் என்றால் நிறுத்திவிடுவார்கள். காரியம் முடிந்த பிறகு, இத்தனை நாள் விட்டுப்போச்சே, இனி எதற்கு என்று யாரும் உட்கார்ந்து வருந்துவதில்லை. மறுநாள் காலை புள்ளி வைப்பார்கள்.

புதுப் பழக்கம் 21 நாளில் ஒட்டிக்கொள்ளும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது மூன்று வாரமாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். அதில் 'குறைந்தது' என்ற வார்த்தை உதிர்ந்துபோய் 21 மட்டும் நின்றுவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தினமும் பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, ஓடுவது போன்ற பழக்கங்கள்தான் அதில் பார்க்கப்பட்டன. அவை தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆகிறது என்றும், ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்றும் கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. 22-ம் நாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே, நமக்கு இது வராது போல என்று நோட்டை மூடுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கை எழுதுகிறேன். நானும் மூடியிருக்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் வரைவது என்று முடிவெடுத்து, பெரிய ஸ்கெட்ச் புக் வாங்கி, ஒன்பதாம் நாளோடு நின்றேன். அந்த ஒரு மணி நேரம்தான் தவறு என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

பெற்றோருக்கு ஒன்று. லோயர், ஹையர் என்று இரண்டு நிலையாக நடக்கும் அரசு ஓவியத் தேர்வு நெருங்கும்போது கடைசி ஒரு மாதம் பிள்ளையை உட்காரவைத்துப் பிழிந்தெடுக்காதீர்கள். ஸ்கேல் வைக்காமல் வெறும் கையால் இழுக்கும் ஃப்ரீஹேண்ட் கோடு ஒரு மாதத்தில் வராது. தினமும் வரைகிற பிள்ளையிடம் "சூப்பரா இருக்கு" என்றும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால், மறுநாள் சுமாராக வந்தால் நோட்டை ஒளித்துவைக்கும். "இன்னைக்கு என்ன புதுசா பார்த்தே?" என்று கேளுங்கள், போதும். அந்தச் சிறுமி நோட்டைக் கோலமாவு டப்பா பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். அம்மா வாசல் தெளிக்கும்போது இவள் திண்ணையில் உட்கார்ந்து இலை வரைவாள்.

பெரியவர்களும் கேட்கிறார்கள். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன், "ஷிஃப்ட் வாராவாரம் மாறுது சார், எந்த நேரம்னு வெச்சுக்கறது?" என்றான்.

"மணியை விடு தம்பி. எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் தவறாம என்ன பண்றே?"

"முடிச்சிட்டு வந்து டீ குடிப்பேன் சார்."

சரி, டீ ஆறும் வரைக்கும் அந்தக் கிளாஸையே வரை என்றேன்.

போன மாதம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஆரம்பத்துப் பக்கங்களில் கிளாஸின் வாய் இரண்டு முனையிலும் கூராக, மீன் போல இருந்தது. பிற்பாடு முனைகள் உருண்டுவிட்டன. டீயின் மட்டம் வாயைவிடச் சற்று வட்டமாகத் திறந்து தெரிவதையும் பிடித்திருந்தான். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்த பதினொரு நாள் நோட்டில் இல்லை. 14-ம் தேதிப் படத்துக்குக் கீழேயே, பக்கம்கூட மாற்றாமல், 26 என்று தேதி போட்டு அதே கிளாஸை வரைந்திருக்கிறான்.