லாபம் வருகிறது, எங்கே போகிறது?

சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. ஒரு பெண் தன் தொழிலைப் பற்றிப் பேச வந்தால், முதல் நாளில் நான் லாப நஷ்டம் கேட்பதில்லை. வரவு செலவு எழுதி வைத்திருக்கும் நோட்டைத்தான் கேட்பேன்.

துணிப்பை தைத்துக் கடைகளுக்குப் போடும் ஒருவர் கொண்டுவந்த நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. கோடு போட்ட பள்ளி நோட்டு. நூல்கண்டு, ஜிப், கேன்வாஸ் துணி 4 மீட்டர். அடுத்த வரியில் மகனின் பள்ளிக் கட்டணம். அதற்குக் கீழே கணவரின் வண்டி ரிப்பேர். மறுபடியும் ஜிப். பக்கத்தின் அடியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூட்டுத்தொகை. மூன்று வருடமாக ஆர்டர் குறையவே இல்லை. ஆனாலும் இரண்டாவது தையல் மெஷின் வாங்க முடியவில்லை. "எனக்குத் தொழில் பண்ணத் தெரியலை போல மேடம்" என்றார்.

அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து வரி வரியாகப் பிரித்தோம். தொழில் செலவுக்கு நீல மை, வீட்டுச் செலவுக்குச் சிவப்பு மை. முடித்துப் பார்த்தால் தொழில் நல்ல லாபத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினுக்கான பணம் பல தடவை வந்து, பல தடவை சிவப்பு வரிகளில் கரைந்திருந்தது. ஒன்றுகூட வீண் செலவு என்று சொல்ல முடியாது. வீட்டில் ஓர் அவசரம் என்றால் கைக்கு எட்டுகிற பணம்தானே முதலில் போகும்? நான் பார்த்த வீடுகளில் அது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் கல்லாவாகவே இருந்திருக்கிறது.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. இலங்கையில் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், சிறு தொழில் செய்பவர்கள் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து மானியம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் லாபம் கூடியது. பெண்களின் தொழிலில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. பெண்ணுக்குப் பணம் கொடுத்தாலும் தொழில் வளராது என்று முடிவுகட்ட இது போதுமானதாகத் தெரிந்தது. ஆனால் 2019இல் வெளியான வேறொரு ஆய்வு, இந்த விவரங்களோடு இந்தியா, கானா நாடுகளின் விவரங்களையும் சேர்த்து, வீட்டையே ஒரு அலகாக வைத்துப் பார்த்தது. வீட்டில் தொழில் செய்பவர் அந்தப் பெண் ஒருவர்தான் என்ற இடங்களில் இந்த ஆண், பெண் வித்தியாசமே காணவில்லை. கணவருக்கும் ஒரு தொழில் இருந்த வீடுகளில், மனைவிக்கு வந்த பணம் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. இதைப் படித்த அன்று அந்தப் பள்ளி நோட்டுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அடுத்து நான் கேட்பது, "உங்கள் சம்பளம் எவ்வளவு?" பெரும்பாலும் பதில் வராது. "வீட்டிலிருந்து செய்யறதுதானே" என்பார்கள். பையின் விலையில் துணி இருக்கிறது, நூல் இருக்கிறது, மின்சாரம்கூட இருக்கிறது. தைத்தவரின் நேரம் மட்டும் இல்லை. விலை குறைவு என்பதால் ஆர்டர் குவியும், ஒரு கட்டத்தில் உதவிக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய மாதமே தொழில் நஷ்டத்தில் விழும். பழகிய வாடிக்கையாளரிடம் திடீரென்று விலை ஏற்றவும் வாய் வராது. வளர வேண்டிய நேரத்தில் இப்படி மூடப்பட்ட தொழில்கள் எத்தனையோ. தயவுசெய்து முதல் ஆர்டரிலேயே உங்கள் மணிநேரத்துக்கு ஒரு கூலி போட்டுக்கொள்ளுங்கள். அதைக் கையில் எடுக்க முடியாத மாதத்திலும் கணக்கில் எழுதுங்கள்.

வங்கி விஷயத்துக்கு வருவோம். பிரான்சில் 1965 வரை, திருமணமான பெண் கணவர் சம்மதமில்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்க முடியாது. அமெரிக்காவில் பெண் தொழில் கடன் கேட்டால் ஆண் உறவினர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சில மாநிலங்களில் இருந்த நிலை 1988இல்தான் சட்டம் போட்டு நீக்கப்பட்டது. சட்டம் மாறினாலும் அடமானம் வைக்கச் சொத்து வேண்டுமே! வீடும் நிலமும் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கின்றன. அந்த நிலையில் ஒரு பெண் எடுத்துக் காட்டக்கூடிய வலுவான ஆதாரம், தொழிலுக்கென்று தனியாக, விடாமல் நடந்துவரும் ஒரு கணக்கு.

தனிக் கணக்கின் பலன் அதோடு முடியவில்லை. உகாண்டாவில் கடன் தொகையைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், பெண்களின் மொபைல் பணக் கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். எட்டு மாதம் கழித்து, ரொக்கமாக வாங்கியவர்களைவிட அவர்களின் தொழில் லாபம் 15 சதவீதம் கூடுதலாக இருந்தது. வீட்டில் பணம் கேட்டு நெருக்கடி இருந்த பெண்களுக்குத்தான் பலன் அதிகம். வட்டி, தொகை எல்லாம் அதேதான். பணம் வந்து சேரும் இடம் மட்டும் மாறியது.

கணக்கு எழுதினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில்களில் நடந்த ஆய்வில், வழக்கமான தொழில் பயிற்சியால் பெரிய மாற்றம் இல்லை. தானே முன்வந்து புதியதைச் செய்துபார்க்கத் தூண்டும் பயிற்சி பெற்றவர்களுக்கு லாபம் 30 சதவீதம் உயர்ந்தது, பெண்களுக்கும்தான்.

வாய்ப்புகளில் பலரும் கவனிக்காதது அரசுக் கொள்முதல். அமெரிக்க மத்திய அரசு தன் கொள்முதலில் 5 சதவீதத்தைப் பெண்களின் சிறு நிறுவனங்களிடம் வாங்க இலக்கு வைத்திருக்கிறது. இந்தியாவில் மத்திய அரசுத் துறைகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் 2018 முதல் இது 3 சதவீதம். கென்யா 30 சதவீதத்தைப் பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. ஆனால் இதற்குத் தொழில் நிஜமாகவே பெண்ணுடையதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் குறைந்தது 51 சதவீத உரிமையும் அன்றாட நிர்வாகமும் பெண்கள் கையில் இருந்தாக வேண்டும்.

இங்கேதான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. சலுகைக்காக மனைவி பெயரில் பதிவு, மனைவி பெயரில் கடன். தொழில் நடத்துவதெல்லாம் வேறு ஒருவர். தவணை நின்றால் நோட்டீஸ் வருவது அந்தப் பெண்ணுக்கு. அப்புறம் அவர் சொந்தமாக ஒரு தொழில் தொடங்கக் கடன் கேட்டுப் போனால், பழைய பாக்கி வந்து குறுக்கே நிற்கும். இப்படி மாட்டிக்கொண்டு அழுதவர்களை என் மேஜைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். உங்கள் பெயரில் ஒரு தொழில் இருக்கிறதா? காசோலைப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி யாருடைய போனுக்குப் போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். வேறொருவர் போனுக்குப் போகிறது என்றால், நாளைக்கு வங்கிக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு வாருங்கள்.